கால் வேண்டாத வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிப்பேன். மறதியும் சேர்ந்துகொண்டது. நமக்கெல்லாம் இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லையே என்பீர்கள். எனக்குப் பேத்தி பிறந்தாகிவிட்டது. மில்லில் நின்ற காலும் பஞ்சு பறந்த கண்ணும் எப்போதோ கிழடாகிவிட்டன. ஒரே வகுப்பில் தரையில் உட்கார்ந்து படித்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து, “வாயைத்தான் தொறக்க மாட்டே, எழுதியாச்சும் காட்டு” என்று விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். என் காதில் விழாமல் சிரியுங்கள்.

நான் ஏன் ஆறாவதுக்கு வரவில்லை என்று உங்களில் பல பேருக்குத் தெரியாது. அந்த வருசம் நான் எங்கள் வீட்டுக் கார் செட்டில் இருந்தேன். அங்கே கப்பல் கட்டிக்கொண்டிருந்தோம்.

கப்பல் என்று தெருவில்தான் சொன்னார்கள். இரண்டு பேர் நெருக்கி உட்காரக்கூடிய சின்னப் பாய்மரப் படகு, அவ்வளவுதான். சிலர் தொட்டி என்றார்கள். சத்தியமங்கலத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள், அவர்கள் ஆற்றில் பார்த்ததை வைத்து, பரிசல் என்றார்கள். சித்தப்பா மட்டும் அதை ‘வண்டி’ என்றார். வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடேயே இருந்தார். வாடகைக் கார் ஓட்டினார். கறுப்பு உடம்பும் மஞ்சள் தலையுமாக ஒரு அம்பாசடர். அதை நிறுத்தத்தான் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்டுச் செட்டு இறக்கினார்கள். நான் நாலாவது படிக்கும்போது பல்லடம் ரோட்டில் ஒரு லாரி வந்து மோதியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதிக்கிற கால். காரை விற்றுவிட்டோம்.

அதற்கப்புறம் அவர் டாக்ஸி ஸ்டாண்டுப் பக்கமே போகவில்லை. பார்க்க வருகிற டிரைவர்களை, “தூங்கறாருன்னு சொல்லிப்போடு அம்மணி” என்று என்னை விட்டே திருப்பி அனுப்புவார். காலையில் ஊன்றுகட்டையோடு காலிச் செட்டுக்குள் போவார். காரிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்ட பழைய பின்சீட்டு ஒன்று அங்கே கிடந்தது. அதில் உட்காருவார். எதிரே சிமெண்டுத் தரையில் கார் நின்ற இடத்தில் ஆயில் சொட்டிச் சொட்டி ஒரு கறை. பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் செட்டின் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது: கிரீசும், வெயிலில் காய்ந்த ரெக்சினும், துருப்பிடித்த தகரமும்.

ஒருநாள் அவரைக் காணவில்லை. தேடிப் போனால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மறுநாள் அம்மா வீட்டில் இருந்த கயிற்றையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கொடிக்கயிறு, தண்ணி சேந்தும் கயிறு, நான் தாண்டி விளையாடும் கயிறு உட்பட. திருட்டுப் பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அஞ்சாவது முடித்திருந்த அந்த ஜூனில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அப்பா பவுண்டரிக்குப் போகவேண்டும், அம்மாவுக்கு மில்லில் ஷிப்டு. “சித்தப்பனுக்குத் தொணையா இரு கண்ணு” என்றார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் நிறுத்துகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். துணை என்று எதைச் சொன்னார்கள் என்பது நானே பிள்ளை பெற்ற பிறகுதான் விளங்கியது.

நான் பேசாத பெண், அவர் பேச்சை விட்டவர். நாள் முழுக்கச் செட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். ஒருநாள் மாசம் பிறந்ததென்று சுவரில் இருந்த காலண்டர் தாளைக் கிழித்தேன். அடியில் ஒரு படம். நீலத் தண்ணீர், அதில் வெள்ளைப் பாய் விரித்த படகு.

சித்தப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, “அம்மணி, இதுல பிரேக் எங்க இருக்குது சொல்லு பாக்கலாம்” என்றார்.

நான் உற்றுப் பார்த்தேன். “இல்லீங்க சித்தப்பா.”

“கிளச்சு?”

“இல்லீங்க.”

“ஆக்சிலேட்டரு?”

“அதுவும் இல்லீங்க.”

“அப்பறம் காலு எதுக்கு?” என்றார். சிரித்தார். பல மாதம் கழித்து அவர் பல்லைப் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சித்தப்பா விசயத்தைச் சொல்லிவிட்டார். கொச்சிக்குச் சவாரி போனால் பார்ட்டி வேலையை முடித்து வரும்வரை தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து பாய்மரப் படகுகளைத்தான் பார்ப்பாராம். எப்படித் திருப்புகிறார்கள், எந்தக் கயிற்றை எப்போது இழுக்கிறார்கள், எல்லாம் மனப்பாடமாம்.

“ஏன்டா, நம்மூர்ல கடலு எங்கடா இருக்குது?” என்றார் அப்பா.

“கடலு எதுக்குங்ண்ணா? சூலூர்ல கொளம் இருக்குது. பாலக்காட்டுக் கணவாயில இருந்து வார காத்து இருக்குது. ஆடியில அது ஆளையே தூக்குது, வண்டியத் தூக்காதா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று தலையை லேசாக அசைத்தாள். அவ்வளவு சீக்கிரம் எங்கள் வீட்டில் எதற்கும் சம்மதம் கிடைத்ததில்லை.

அப்பா பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவர். மோட்டார் பம்பின் இரும்பு உடம்பை வார்ப்பதற்கு முன்னால் அதை மரத்தில் அப்படியே செய்துகொடுக்க வேண்டும். அந்த மர உருவத்தை மண்ணில் பதித்து, எடுத்துவிட்டு, பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் அப்பாவின் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆயில் கறைக்கு மேலேயே வண்டிக்கு எலும்புகளை நிறுத்தினார். அவர் ஷிப்டு முடிந்து வருகிறவரை சித்தப்பா உட்கார்ந்தபடியே இழைப்பார். சுருள் சுருளாக விழும் சீவலை நான் கூட்டி அள்ளுவேன். பலகை வால்பாறை எஸ்டேட் பக்கம் வெட்டின சில்வர் ஓக். மெல்லிசாக, வெந்நீர் ஊற்றினால் வளையும். இடுக்கில் அடைக்க அம்மா மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்தாள். அதைத் தாரில் புரட்டி உளியால் திணிக்கவேண்டும். என் விரல்தான் சின்னது, அதனால் அது என் வேலை. தார் வாசத்தோடு சோறு தின்றேன். என்னுடைய ஆறாவது வகுப்பு அந்தச் செட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரு சும்மா இருக்குமா? பால் ஊற்ற வருகிறவர் தினமும் சைக்கிளை நிறுத்தி, “ஏனுங்க, கொழும்புக்கு டிக்கெட் போட்டாச்சுங்களா?” என்பார்.

“போட்டாச்சுங்க. பால்ல தண்ணி ஊத்தறவங்களுக்கு மட்டும் எடம் இல்லீங்க” என்று சித்தப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். வாசலில் அம்மா வாயைப் பொத்திக்கொள்வாள். பழைய சித்தப்பா திரும்பி வந்துகொண்டிருந்தார்.

பாய் தைக்க டவுனில் தார்ப்பாய்க் கடைக்குப் போனோம், அம்மாவும் நானும். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். வழியெல்லாம் நான் பாய்மரத்துக்குப் பாய் தைக்கும் பாய் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கே போனதும் சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்து நின்றேன். அவர், “எந்த லாரிக்குங்கம்மா?” என்று டேப்பை எடுத்தார்.

“லாரிக்கு இல்லீங்க பாய். காத்துக்குங்க” என்றாள் அம்மா. படம் வரைந்த தாளைக் காட்டினாள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காத்து மழை உள்ள வரக் கூடாதுன்னு தெக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. காத்தப் புடிக்கோணும்னு வந்தது நீங்கதானுங்கம்மா மொதல்ல” என்றார். கெட்டிக் காடாத் துணியில் இரட்டைத் தையல் போட்டு, ஓரமெல்லாம் பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தார். ஓடவிடுகிற நாளில் சொல்லியனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வளையத்தில் கோக்கக் கயிறு வேண்டும். சித்தப்பா ஒருநாள் சாப்பிடும்போது, “அண்ணி, ஒரு கயிறு வேணுமுங்க. நல்லா நீளமா, கெட்டியா” என்றார். எல்லோர் கையும் தட்டில் அப்படியே நின்றது. சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. “பீரோவுல நெறைய இருக்குதே” என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். மறுநாளிலிருந்து அம்மா வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் கயிறு செட்டுக்கு வரும். முடிச்சுப் போட்டுப் பார்த்ததும் அவளே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டுவாள். கயிற்றுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சண்டை வந்தது.

எலும்பெல்லாம் நிறுத்தியாயிற்று. பக்கப் பலகைகளைப் பின்னாலிருந்து ஆணி அடித்துக்கொண்டே முன்னால் வந்தார்கள். மூக்கில் வந்து இரண்டு பக்கப் பலகையும் சேரவேண்டும். சேரவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் குறைந்தது. இழுத்துப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றி வளைத்துப் பார்த்தார்கள், வரவில்லை.

“மரக்கடையில அளவக் கொறச்சு அறுத்துப்போட்டான்” என்றார் அப்பா.

“இல்லீங்ண்ணா. நானே டேப்பு வெச்சுப் பாத்துத்தான் வாங்கினேன். நீங்க சொன்ன அளவு சரியா இருக்குது.”

“நீ டேப்பச் சாய்ச்சுப் புடிச்சிருப்பே. என்ற அளவு என்னைக்குடா தப்பியிருக்குது?”

“எனக்குக் காலுதானுங்ண்ணா இல்ல. கண்ணு இருக்குது” என்றார் சித்தப்பா.

அப்பா உளியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அன்றோடு வேலை நின்றது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பா மறுபடி பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வண்டியின் எலும்புகளுக்கு நடுவே அந்தக் கறை தெரிந்தது, அதையே பார்த்தார். பால்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அம்மா பீரோச் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என்னிடம் பள்ளிக்கூடத்து மரஸ்கேல் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் நின்ற பிறகும் அதை விடவில்லை. தார் வழிப்பதற்கு வைத்திருந்தேன். ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அதைத் துடைத்து, பட்டறைப் பலகையில் கிடந்த அப்பாவின் இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்தேன். நுனிக்கு நுனி சரியாக வைத்தும் என் பன்னிரண்டு அப்பாவின் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு நெல்லு அகலம் இருக்கும். மறுபடி வைத்தேன். மறுபடியும் ஒரு நெல்லு.

என் ஸ்கேல்தான் தப்பு என்று நினைத்தேன். சொல்லவும் கூச்சம். அம்மா ஷிப்டு முடிந்து வந்ததும் காதில் மட்டும் சொன்னேன். அம்மா கையைக் காலைக்கூடக் கழுவவில்லை. வாசலில் நின்ற அப்பாவிடம், “ஏனுங்க, புள்ள என்னமோ சொல்றாளுங்க. உங்க அடி பெரிய அடியாமா” என்றாள்.

“என்னது?”

“அவ அடிய விட உங்க அடி பெருசுங்களாமா.”

அப்பா உள்ளே வந்தார். இரண்டு ஸ்கேலையும் பார்த்தார். அப்படியே நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வருகிறவரை சிரித்தார்.

அது பேட்டர்ன் ஸ்கேல். காய்ச்சி ஊற்றின உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் மர உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கைத் தினமும் போட்டுக்கொண்டிருக்க முடியாதென்று, பேட்டர்ன்காரர்களுக்கு அடியையே பெரிதாக்கி ஒரு ஸ்கேல் உண்டு. எத்தனையோ வருசமாக அப்பா கையில் இருந்தது அது ஒன்றுதான். அதுதான் அடி என்று கைக்குப் பழகிவிட்டது. எலும்பை அந்த ஸ்கேலில் நிறுத்தினார். பலகையைச் சித்தப்பா ஊர் டேப்பில் வாங்கினார்.

“டேய், சுருங்குமுன்னு பெருசா வெச்சுப்போட்டேன்டா!” என்றார் அப்பா. “இது எங்கடா சுருங்கப் போகுது!”

சித்தப்பா பின்சீட்டில் இருந்தபடியே, “தண்ணியில உட்டுப் பாக்கலாமுங்ண்ணா. ஒருவேள சுருங்குமோ என்னமோ” என்றார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அப்பா போய் அவர் பக்கத்தில் சீட்டில் உட்கார்ந்தார், தோளில் கை போட்டார். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

எலும்பைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. சேராத இடத்தில் அப்பா தேக்குக் கட்டையில் தட்டையாக ஒரு மூக்கு செதுக்கி வைத்தார். கூர் மூக்காக இருக்கவேண்டிய வண்டிக்குச் சப்பை மூக்கு ஆகிவிட்டது. சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, “இப்பத்தானுங்ண்ணா என்ற அம்பாசடர் மூஞ்சி வந்திருக்குது” என்றார். மிச்சம் இருந்த டாக்ஸிப் பெயிண்டில் கீழே கறுப்பும் மேலே மஞ்சளும் அடித்தார். என் மரஸ்கேலை மூக்கின் உள்பக்கத்தில் ஆணி அடித்து வைத்தார். “இனி நம்ம வண்டிக்கு இதுதான் அடி” என்றார்.

மறுவருசம் ஆடி பிறந்து காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. சித்தப்பா என்னை ஸ்டாண்டுக்கு அனுப்பினார். “சித்தப்பா எந்திருச்சுட்டாருங்க, வரச்சொன்னாருங்க” என்று நான் சொன்னதும் டிரைவர்கள் அத்தனை பேரும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு காரின் கேரியரில் வண்டியைக் கவிழ்த்துக் கட்டினோம். நம் தெருப் பிள்ளைகள் கிடைத்த காரில் ஏறிக்கொண்டார்கள். சிக்னலில் நின்றபோது ஒரு பெரியவர், “ஏனுங்க, கல்யாணத்துக்குப் பந்திச் சாமான் போகுதுங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க, மாப்பிள்ளை இவருதானுங்க” என்று டிரைவர் சித்தப்பாவைக் காட்டினார்.

குளத்தின் மேற்குக் கரையில் இறக்கினோம். மீன் குத்தகைக்காரர், “இது ஓடுமுங்களா, ஊறுமுங்களா?” என்று இடுப்பில் கை வைத்து நின்றார். தார்ப்பாய்க் கடை பாயும் பஸ் பிடித்து வந்துவிட்டார். பாய் விரித்ததும் தன் தையலைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

அப்போது அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். “நீயும் சித்தப்பனோட போ கண்ணு. நடுக் கொளத்துக்குப் போனதீம் ‘ஊட்டுக்குப் போலாமுங்க’ன்னு சொல்லு. வெக்கப்பட்டுட்டு இருந்துறாதே. சத்தமாச் சொல்லு.” என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் சவாரிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எதற்காக என்னை அந்தச் சீட்டில் ஏற்றினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பிள்ளை கூட இருந்தால் பத்திரமாகத் திரும்பி வருவான் என்று.

கடைசியாக அம்மா கூடையிலிருந்து கயிற்றை எடுத்தாள். முழுச்சுருளையும் சித்தப்பா கையில் வைத்தாள். “இந்தாங்க தம்பி” என்றாள். சித்தப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காற்று முதுகில் வந்து மோதியது. பாய் ‘டப்’பென்று நிமிர்ந்தது. வண்டி கிளம்பிவிட்டது! கரை ஓடியது, ஆட்கள் சின்னதாகிப் போனார்கள். பின்சீட்டுக் குஷன் மேல் சித்தப்பா, ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சுக்கான் பிடி. மூக்கில் தண்ணீர் சளசளவென்று பிளந்தது. நடுக் குளத்தில் அவர் வண்டியைத் திருப்பினார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு தொங்கிப் போனது. வண்டி நின்றுவிட்டது. ஒரே அமைதி. சித்தப்பா தண்ணீரைப் பார்த்தார்.

கரையில் அம்மா கையை வீசுவது புள்ளியாகத் தெரிந்தது. எனக்கு அம்மா சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. வெளியே வரவில்லை.

சித்தப்பா நிமிர்ந்தார். சவாரி ஏறினவர்களைக் கேட்கிற அதே குரலில், “எங்க போகோணுங்க அம்மணி?” என்றார்.

நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

“எதுத்த காத்துல நேரா ஏற முடியாது. வால்பாறை ரோட்டுல ஏறுற மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறோணும். ஏறலாமுங்களா?”

“ஏறலாமுங்க” என்றேன்.

“கொண்டை ஊசி வளைவு வருது. ஆரன் அடிக்க வேண்டாமா?”

நம் வகுப்பில் என் பேரை டீச்சர் கூப்பிட்டாலே ‘உள்ளேன்’ சொல்ல ஆள் வைத்திருந்தவள் நான். அன்றைக்கு எழுந்து மரக்கம்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, “பாம்ம்! பாம்ம்!” என்று கத்தினேன். சித்தப்பா கயிற்றை இழுத்தார். பாய் மறுபக்கம் சாய்ந்து காற்றைப் பிடித்தது. தண்ணீருக்குள் இறக்கிய நடுப்பலகை நடுங்கியது. வண்டி சாய்வாக ஏறியது. அடுத்த வளைவு. “பாம்ம்! பாம்ம்!” குளத்தின் மேல் என் குரல் போய் எதிர்க்கரையில் மோதி வந்தது. மூன்றாவது வளைவில் கரையிலிருந்து பதில் வந்தது. டிரைவர்கள் எல்லோரும் கார்களுக்குள் ஓடி ஒரே நேரத்தில் ஆரன் அடித்தார்கள். கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

கரைக்குக் கிட்டே வந்தபோது அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். சேலை நனைந்தது தெரியவில்லை அவளுக்கு. குத்தகைக்காரர் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்பா, “சுருங்கலைடா! சுருங்கலை!” என்று கத்திக்கொண்டிருந்தார். இப்போதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“சித்தப்பா, இன்னொரு ட்ரிப்புங்க!”

வண்டி கரையைத் தொடாமலே திரும்பியது.

அந்த வண்டி சில ஆடிகள் ஓடியது. பிறகு குளம் வற்றிய ஒரு வருசம் செட்டுக்கு வந்து கவிழ்ந்தது, நான் கல்யாணமாகிப் போன பிறகு பலகை பலகையாக எங்கெங்கோ போனது. என் ஸ்கேலும் அதோடு போயிற்று. சித்தப்பா டெலிபோன் பூத் வைத்தார், கல்யாணம் செய்துகொண்டார், இன்றைக்கும் காற்றடித்தால் நெஞ்சை நிமிர்த்துகிறார். அப்பாவும் அம்மாவும் இல்லை. கொடிக்கயிறு அன்றைக்கே வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. அன்று எத்தனை சுற்றுப் போனோம்? “ஒண்ணுதான், நான் கத்தின கத்துல திரும்பி வந்துட்டீங்க” என்று அம்மா கடைசிவரை சொன்னாள். சித்தப்பா மூன்று என்கிறார். எனக்கு இருட்டுகிறவரை போய்க்கொண்டே இருந்த மாதிரி இருக்கிறது. உங்களில் இரண்டு மூன்று பேர் அன்று கரையில் நின்றீர்கள். யாருக்காவது நிச்சயமாகத் தெரிந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். வெறும் ஒன்று என்றால் மட்டும், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.